பாட்டிலை வாங்கித் தருவது யார்?

தமிழ்நாட்டில் மது வாங்கச் சட்டம் வைத்திருக்கும் வயது 21. அந்த வயது நிரம்பாதவருக்குக் கடையிலோ பாரிலோ மது விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் சில்லறை மது விற்பனை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. அப்படியிருந்தும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் குடிக்கிறார்கள் என்பது சென்னையில் யாருக்கும் புதுச் செய்தி அல்ல. மொட்டை மாடியிலும், பறக்கும் ரயில் நிலையங்களின் ஆள் நடமாட்டமில்லாத மூலைகளிலும், கடற்கரையின் வெளிச்சம் படாத ஓரங்களிலும், விளையாட்டுத் திடலின் சுற்றுச்சுவருக்குப் பின்னாலும் காலிப் பாட்டில்கள் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்ததும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் இப்படிக் கெட்டுப்போனார்கள் என்று அங்கலாய்க்கிறோம். பிறகு பள்ளியில் உறுதிமொழி எடுக்க வைக்கிறோம், பேரணி விடுகிறோம், ஓவியப் போட்டி நடத்துகிறோம். பதினாறு வயதுப் பையன் கைக்குப் பாட்டில் எப்படி வந்தது என்று விசாரிப்பவர்கள் குறைவு. விசாரித்தால் பெரியவர்கள் யாராவது பதில் சொல்ல வேண்டிவரும்.

விசாரித்துப் போனால் முதலில் எதிர்ப்படுகிறவர் ஓர் 'அண்ணன்'. தெருவில் மூத்தவர், வேலைக்குப் போகிறவர், கிரிக்கெட் அணியைக் கட்டி மேய்க்கிறவர். வயது இருபத்து மூன்றோ இருபத்து நான்கோ இருக்கும். பையன்கள் காசு சேர்த்துக் கொடுப்பார்கள், அவர் போய் வாங்கி வருவார். சில சமயம் அதில் தனக்கென்று ஒரு பங்கு எடுத்துக்கொள்வார், சில சமயம் வெறும் பாசத்தில் செய்வார். தான் ஒரு குற்றம் செய்வதாக அவருக்குத் துளியும் தோன்றாது. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாத ஒருவருக்கு மருத்துவரின் உத்தரவு இல்லாமல் மது கொடுப்பவருக்கும், கொடுக்க வைப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. காசுக்கு விற்றிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, கையில் கொடுத்தாலே போதும். மது விற்கவோ எடுத்துச் செல்லவோ சிறாரைப் பயன்படுத்தினாலும் இதே தண்டனைதான் என்கிறது அடுத்த பிரிவு. தெருமுனையில் இளைஞர்களைக் கூட்டி இந்த இரண்டு பிரிவுகளை மட்டும் விளக்கிச் சொன்னாலே, பள்ளியில் நடக்கும் பத்துப் பேரணிகளைவிட அதிகப் பயன் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது வழி, கடை மூடியிருக்கும் நேரம். டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. 2016 மே மாதம் வரை காலை 10 மணிக்கே திறந்தன. மூடிய நேரத்தில் கூடுதல் விலைக்கு விற்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். திருவள்ளுவர் தினம், காந்தி ஜெயந்தி போன்ற விடுமுறைகள் வந்தால் முந்தைய நாள் மாலையே இருப்பு வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடை ஊழியராவது எப்போதாவது முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். இவர்களுக்கு வயது ஒரு பொருட்டே அல்ல.

மூன்றாவது வழி வீட்டு விசேஷம். காதுகுத்து, திருமண வரவேற்பு, ஆடி மாதக் கூழ் ஊற்றல், இறுதி ஊர்வலம் என்று பெரியவர்கள் குடிக்கும் இடங்களில் சுற்றிக்கொண்டிருக்கும் பையனுக்கு, யாரோ ஒரு மாமா விளையாட்டாக ஒரு மிடறு கொடுப்பார். அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு, கண்டிப்பவர்கள் அரிது. இது குடிசைப் பகுதிக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இதே மாமா இருக்கிறார், கையில் இருப்பது மட்டும் வேறு பாட்டில்.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

பையன்கள் வாங்குவது பெரும்பாலும் குவார்ட்டர், அதாவது 180 மில்லி. நம் மாநிலத்தில் விற்கும் பிராந்தி, ரம் போன்றவற்றில் ஆல்கஹால் அளவு 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. எடையில் ஏறக்குறைய 60 கிராம். ஒரே வேளையில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று வரையறுக்கிறது. வளர்ந்த ஆணுக்கே மிகை என்று சொல்லப்படும் அளவு, நாம் சாதாரணமாக ஒரு குவார்ட்டர் என்று சொல்லிக் கடந்துபோகும் அந்தப் பாட்டிலுக்குள் முழுதாக அடங்கியிருக்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள பையன் அதில் பாதியைக் குடித்தாலும், வெறும் வயிற்றில், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அவசரத்தில், ஐந்தே நிமிடத்தில் குடிக்கிறான். சாதாரண ரகம் 140 ரூபாய் அளவில் கிடைக்கிறது. இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு எழுபது ரூபாய்.

இந்த வயதில் ஏன் இதற்குத் தனிக் கவனம் என்பதற்கு மருத்துவக் காரணம் உண்டு. நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. கிளர்ச்சியையும் இன்பத்தையும் நாடும் பகுதியோ அதற்கு வெகு முன்பே வேகம் பிடித்துவிடுகிறது. 1990களில் அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன்பு குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பின்போ தொடங்கியவர்களில் அந்த விகிதம் 10 சதவீத அளவில்தான் இருந்தது. சீக்கிரம் தொடங்குகிறவர்களின் வீட்டுச் சூழலும் இதில் கலந்திருக்கிறது, வயது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் முதல் குடியைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தால் அதுவே பெரிய லாபம். தடுப்பு முயற்சிகள் எல்லாவற்றின் உள்நோக்கமும் இந்தத் தள்ளிப்போடல்தான். பிள்ளையை ஆயுள் முழுக்க உத்தமனாக்கும் திட்டம் எதுவும் யாரிடமும் இல்லை.

எத்தனை பிள்ளைகள்? 2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு, 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 1.3 சதவீதத்தினர் மது அருந்துவதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 25.4 சதவீதத்தினர் குடிப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பெண்களில் 0.3 சதவீதம். வீட்டு வாசலில் நின்று, அம்மா பக்கத்தில் இருக்கும்போது, தம்பி நீ குடிப்பாயா என்று கேட்டால் எந்தப் பையனும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. எனவே 1.3 என்பதை அடிமட்ட எண்ணாக எடுத்துக்கொள்வதே சரி.

விற்பவர் அரசாங்கம்

சென்னையில் இந்த விஷயத்தைப் பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் யாராவது சொல்வார்கள்: கடையை நடத்துவதே அரசாங்கம், பிறகு பையன் குடிக்கிறான் என்று அழுதால் எப்படி? நியாயமான கேள்வி.

1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டது, சில ஆண்டுகளில் மீண்டும் வந்தது, 1981இல் மறுபடி விலக்கிக்கொள்ளப்பட்டது. 1983இல் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. 2023-24இல் மது வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு பணம் புரளும் இடத்தில் விற்பனையைக் குறைக்கும் ஆர்வம் தானாக வராது.

அதனால்தான் தமிழ்நாட்டில் மது தொடர்பான மக்கள் முயற்சி என்றாலே கடையை மூடு என்ற போராட்டமாக இருந்துவந்திருக்கிறது. 2015 ஜூலையில் காந்தியவாதி சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்பேசிக் கோபுரத்தின் மீது ஏறிப் போராடியபோது உயிரிழந்தார். அடுத்த ஆண்டு 500 கடைகள் மூடப்பட்டன, 2017இல் இன்னும் 500, 2023 ஜூனில் மேலும் 500. இடையில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட, 2017 ஏப்ரலில் மாநிலம் முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. அவற்றில் பலவற்றை ஊருக்குள், குடியிருப்புத் தெருக்களுக்குள் கொண்டுவர முயன்றபோது பெண்கள் வீதியில் இறங்கி மறித்தார்கள். கடை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்தப் பெண்களின் கோபத்தில் முழு நியாயம் இருந்தது.

ஆனால் வளரிளம் பருவத்தினரின் குடியைத் தடுப்பதில் இந்தப் போராட்டம் எவ்வளவு தூரம் உதவும்? மாநகராட்சிப் பகுதியில் பள்ளியிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்பது விதி. ஐம்பது மீட்டர் என்பது பள்ளி வாசலில் நின்று கூப்பிட்டால் காதில் விழும் தூரம். கடை தள்ளிப் போவது நல்லதுதான். தினமும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போகும் நிலை மாறும், வாசலில் விழுந்து கிடப்பவர்களைத் தாண்டிப் பெண் பிள்ளைகள் நடக்க வேண்டியிருக்காது. ஆனால் வாங்கித் தரும் அண்ணனிடம் பைக் இருக்கிறது. அவருக்கு இரண்டு கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை.

அரசு விற்பதாலேயே எதுவும் செய்ய முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஸ்வீடனிலும் ஐஸ்லாந்திலும் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. இரண்டு நாடுகளிலும் அந்தக் கடைகளில் வாங்கும் வயது 20. ஸ்வீடனின் அரசுக் கடையில் 25 வயதுக்குக் குறைவாகத் தோற்றமளிக்கும் எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்பது நடைமுறை. அதைச் சோதிக்க, வயது நிரம்பிய ஆனால் இளமையாகத் தெரியும் ஆட்களைச் சாதாரண வாடிக்கையாளர் போல அனுப்பிப் பார்க்கிறார்கள். விற்காவிட்டால் தன் பிழைப்பு போய்விடும் என்று பயப்படும் தனியார் முதலாளி அங்கே இல்லை. ஒரே நிறுவனம், ஒரே விதி, ஒரே சுற்றறிக்கை. அந்த வசதி நமக்கும் இருக்கிறது. நாம் அதைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். 2003இல் எடுக்கப்பட்ட மேற்பார்வையாளர்களும் விற்பனையாளர்களும் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரவு ஒன்பதரை மணிக்குக் கம்பி வலைக்கு வெளியே ஐம்பது கைகள் பணத்தோடு நீளும்போது, அவற்றில் ஒன்றை மட்டும் நிறுத்தி ஆதாரைக் காட்டு என்று கேட்பது எளிதல்ல. கேட்டால் சண்டை, கடை மூடி வீட்டுக்குப் போகும் வழியில் அடி விழும் என்ற பயம். அவரைத் திட்டுவதில் பயனில்லை. 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அட்டை கேட்டே ஆக வேண்டும் என்று நிறுவனமே எழுதிக் கடை முகப்பில் தொங்கவிட்டால், கேட்பது அவருடைய சொந்த விருப்பமாக இருக்காது, பழியும் அவர் மீது விழாது. குடியிருப்போர் நலச் சங்கமோ மகளிர் குழுவோ மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கும்போது கடையை மூடு என்பதோடு இந்தக் கோரிக்கையையும் சேர்த்து எழுதலாம். மூடு என்றால் வருவாய்க் கணக்கு குறுக்கே வரும். வயதைக் கேள் என்றால், அது ஏற்கெனவே அரசு போட்ட விதி. மறுக்க என்ன காரணம் சொல்வார்கள்?

இந்த இடத்தில் முழு மதுவிலக்கைப் பற்றியும் ஒரு வரி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. எல்லாக் கடைகளையும் மூடினால் அந்த இடத்தைப் பிடிக்கக் காத்திருக்கும் கள்ளச் சாராய வியாபாரியிடம் வயது விதியும் இல்லை, அளவு விதியும் இல்லை.

மாலை நாலரை முதல் எட்டரை வரை

பள்ளிகளில் நடப்பதைக் குறை சொல்வது எளிது, நானும் மேலே சொல்லிவிட்டேன். 2022இல் மாநில அரசு போதைப் பொருளுக்கு எதிரான உறுதிமொழியையும் கல்வி நிறுவனங்களில் போதை எதிர்ப்பு மன்றங்களையும் முன்னெடுத்தது. அதே ஆண்டு சென்னைப் பெருநகரக் காவல்துறை 100 பள்ளிகளில் 'சிற்பி' திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிக்கு ஐம்பது மாணவர்கள் வீதம் எடுத்துக்கொண்டு ஒழுக்கம், சட்டம், போதையின் தீமை பற்றிச் சொல்லித் தரும் திட்டம். நல்ல நோக்கம், சந்தேகமில்லை. ஆனால் காவலர் வகுப்பறைக்கு வந்து போதையின் தீமையை விளக்கும் முறைக்கு அமெரிக்காவில் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' திட்டம் நாடு முழுக்கப் பரவியது. பின்னர் வந்த ஆய்வுகள், அதில் பயின்ற மாணவர்களுக்கும் பயிலாதவர்களுக்கும் குடிப்பதில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டின. சிதைந்த கல்லீரலின் படத்தைப் பார்த்துப் பதினைந்து வயதுப் பையன் பயப்படுவதில்லை. கல்லீரல் கெடுவது நாற்பது வயதுக்காரரின் கவலை. அவனுக்கு வேண்டியது, நண்பர்கள் நடுவில் மானம் போகாமல் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம். அதைப் பேச்சுப் போட்டியில் கற்றுக்கொள்ள முடியாது, நடித்துப் பார்த்துத்தான் கற்க முடியும். வாழ்க்கைத் திறன் பயிற்சி என்ற பெயரில் ஆசிரியர்கள் சிலர் இதைச் செய்கிறார்கள். தேர்வு நெருங்கினால் முதலில் வெட்டுப்படும் பாடவேளையும் அதுதான்.

ஐஸ்லாந்தின் கதை இங்கேதான் உண்மையில் உதவுகிறது. 1998இல் அந்நாட்டின் 15, 16 வயதினரில் 42 சதவீதத்தினர் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. போதனையை அவர்கள் பெரிதாக நம்பவில்லை. மாணவர்களிடம் பெயர் எழுதாத வினாத்தாளைக் கொடுத்து அடிக்கடி கணக்கெடுத்தார்கள், முடிவை அந்தந்தப் பள்ளிக்கும் பகுதிக்கும் உடனே திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு நகராட்சி பணம் கொடுத்தது. இரவில் பிள்ளைகள் எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதற்கு வரையறை இருந்தது, பெற்றோர்கள் குழுவாகச் சேர்ந்து இரவில் தெருவில் நடந்து பார்த்தார்கள். அங்கே மொத்த மக்கள்தொகையே நான்கு லட்சத்துக்குள். 200 வார்டுகள் கொண்ட சென்னையில் அதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஒரு வார்டில் முடியும்.

ஏனென்றால் பிரச்சினையின் நேரம் நமக்குத் தெரியும். பள்ளி விட்ட பிறகு, பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் முன்பு, மாலை நாலரைக்கும் எட்டரைக்கும் நடுவில் பையன் எங்கே இருக்கிறான்? கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. நகருக்குள் வேலை பார்த்த பெற்றோரை இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்தால், அவர்கள் விடிவதற்குள் கிளம்பி இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பிள்ளையைக் கவனிக்காத பெற்றோர் என்று அவர்களை ஏசுவது எளிது. அந்த நேரத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது பஸ் பயணம்.

அந்த இடைவெளியை நிரப்பிய முயற்சிகள் இதே நகரத்தில்தான் இருக்கின்றன. வியாசர்பாடியில் உள்ளூர் இளைஞர்களே 1990களின் இறுதியில் தொடங்கிய கால்பந்துப் பயிற்சி, இன்று அந்தப் பகுதியின் அடையாளம். பயிற்சியோடு மாலை நேரப் படிப்பையும் சேர்த்தார்கள், பள்ளிக்குப் போகாதவனுக்கு மைதானத்தில் இடமில்லை என்ற ஒழுங்கையும் வளர்த்தார்கள். கண்ணகி நகரின் கபடி பயிற்சியிலிருந்து வந்த ஒரு பெண், 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். வடசென்னையின் கேரம் பலகைகள் உலகச் சாம்பியனை உருவாக்கியிருக்கின்றன. பதக்கம் ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் மாலை ஆறு மணிக்கு அந்தத் திடலில் இருந்த மற்ற நாற்பது பேரும் வேறு எங்கும் இல்லை என்பதை எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை.

விளையாட்டு தானாகவே காப்பாற்றிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போட்டியில் கோப்பை வென்ற அணிக்கு இரவு என்ன விருந்து என்பது ஊரறிந்த விஷயம். முதலில் சொன்ன அண்ணன் இங்கேதான் உருவாகிறார். எனவே திடலுக்குப் பணம் கொடுக்கும் கவுன்சிலரோ வியாபாரியோ ஒரு நிபந்தனை வைக்கலாம்: அணியில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் கொண்டாட்டத்தில் மது கூடாது, மீறினால் அடுத்த ஆண்டு ஜெர்சிக்குப் பணம் இல்லை. கேட்கச் சின்ன விஷயம்தான். அந்த வயதில் ஜெர்சி சின்ன விஷயமல்ல.

பள்ளிக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு கருவி, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை, மதிய உணவு, கட்டடம் என்று பேசும் அந்தக் குழு, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பேசலாம், தீர்மானமாகவே எழுதலாம். 2022 நவம்பர் முதல் நகர்ப்புறங்களில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்திலும் அதே தீர்மானத்தைப் படிக்கலாம். கடற்கரைக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்னும் சொல் மதிப்போடு இருக்கிறது. சிறாருக்கு வாங்கிக் கொடுப்பவருக்கு அபராதம் என்று அது முடிவெடுத்தால், அதற்குச் சட்டப் பிரிவைவிட வேகம் அதிகம்.

வசதியான வீடுகளில் வேறொரு நம்பிக்கை உலவுகிறது. வெளியே போய்க் கண்டதைக் குடிப்பதற்குப் பதில் என் கண் முன்னால் கொஞ்சம் குடிக்கட்டும் என்று தந்தை நினைக்கிறார். ஆஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளை 12 வயதிலிருந்து 18 வயது வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. பெற்றோரே கொடுத்ததால் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை, மாறாக வெளியிலிருந்தும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புக் கூடியது என்பது அதன் முடிவு. 77ஆம் பிரிவில் தந்தைக்கு விலக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கலாம்.

பிடிபட்ட பிறகு

ஊர் கூடி நல்லது செய்யப் போய்க் கெடுதலில் முடியும் ஓர் இடம் உண்டு. சீருடையோடு மாணவர்கள் குடிக்கும் காட்சியை யாரோ செல்பேசியில் எடுக்கிறார், இரவுக்குள் அது எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. பகிர்கிறவர் சமூக அக்கறை என்று நினைத்துக்கொள்கிறார். பள்ளி, பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கிறது. மறுநாளிலிருந்து அந்தப் பையனுக்குப் போக இடம் என்று மிஞ்சுவது, அவனுக்குப் பாட்டில் வாங்கித் தந்தவர்களின் கூட்டம் மட்டுமே. மாணவியாக இருந்துவிட்டால் அந்தக் காணொளி திருமணம் வரை துரத்தும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் தடை வைத்திருப்பது இதற்காகத்தான். படம் எடுக்கக் கை பரபரத்தால், வாங்கித் தந்தவரின் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு மதுவிலக்குப் பிரிவின் 10581 எண்ணுக்குச் சொல்லுங்கள். பையனைப் பற்றியென்றால் சிறார் உதவி எண்ணான 1098.

ஒருமுறை குடித்தவனுக்கும் பழகிவிட்டவனுக்கும் வேறுபாடு உண்டு. முன்னவனுக்குச் சிகிச்சை வேண்டியதில்லை, நம்பிப் பேசக்கூடிய ஒரு பெரியவர் போதும். காலையில் கை நடுங்குகிறது, வீட்டில் பணம் காணாமல் போகிறது, குடிக்காத நாளில் தூக்கம் வரவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. சென்னைக்கு இதில் நீண்ட அனுபவம் இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயை நோயாகப் பார்க்க இந்த நகரத்துக்குக் கற்றுக்கொடுத்த இடங்களில் ஒன்று. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் இருக்கின்றன. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரோடு தமிழிலேயே பேசலாம். குடிக்கும் தந்தையின் பிள்ளைக்கு, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களை ஒட்டி வளர்ந்த அல்-அனான், அலட்டீன் போன்ற குடும்பக் குழுக்களும் உதவும்.

பெற்றோர் பதறிப்போய்ச் செய்யும் தவறு, விளம்பரத்தைப் பார்த்து ஏதோ ஒரு மறுவாழ்வு இல்லத்தில் பையனைக் கொண்டுபோய்விட்டுவிடுவது. சேர்க்கும் முன்பு, அந்த இல்லம் பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் வருகிறாரா, சிறாருக்குத் தனி அறை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவரை விதிவிலக்கான சூழலில் மட்டுமே உள்நோயாளியாகச் சேர்க்கலாம், சேர்த்தாலும் பெரியவர்களிடமிருந்து பிரித்தே வைக்க வேண்டும் என்கிறது. நாற்பது வயதுக்காரர்கள் இருபது பேர் படுத்திருக்கும் கூடத்தில் பதினாறு வயதுப் பையனுக்கும் ஒரு பாயை விரித்துக் காட்டினால், அவனை அழைத்துக்கொண்டு உடனே திரும்பிவிடலாம்.